கங்கா அதன்பின் என்ன ஆனாள்?

2005 ஏப்ரல் 14 அன்று வெளியான ‘சந்திரமுகி’யில் பேயே கிடையாது. பூட்டிய அறை இருக்கிறது, நடுநிசியில் சலங்கைச் சத்தம் இருக்கிறது, வேட்டையபுரம் அரண்மனையின் பெயரைக் கேட்டாலே நடுங்கும் முருகேசன் இருக்கிறார். இத்தனைக்கும் பிறகு மனநல மருத்துவர் சரவணன் வந்து சொல்வது ஒன்றுதான்: இதையெல்லாம் செய்தது கங்கா. உயிரும் சதையுமாக உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற, தான் செய்வது தனக்கே தெரியாத கங்கா.

18 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 28 அன்று, அதே பி.வாசுவின் இயக்கத்தில் ‘சந்திரமுகி 2’ வந்தது. இதில் பேய் நிஜமாகவே இருக்கிறது. அரண்மனைப் பழங்கதையின் நாட்டியக்காரி சந்திரமுகியின் ஆவியும் உண்டு, மன்னன் வேட்டையனின் ஆவியும் உண்டு.

படம் பார்த்து வந்தவர்கள் சொன்ன குறைகள் பலருக்கும் நினைவிருக்கும். ரஜினி இல்லாத படத்துக்கு எதுக்கு அந்தப் பேரு என்றார்கள். ஜோதிகாவோட கண்ணு வருமா என்றார்கள். வடிவேலு பழைய காமெடியையே திரும்பச் செய்கிறார், பயமும் வரலை, சிரிப்பும் வரலை என்றார்கள். ராகவா லாரன்ஸும் கங்கனா ரனாவத்தும் ராதிகாவும் உழைக்காமல் இல்லை, கீரவாணியின் இசையும் சிறு முயற்சி இல்லை. ஆனாலும் பார்வையாளர்களின் வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஒரு பெயரைப் போட்டு டிக்கெட் விற்கிறவர், அந்தப் பெயரோடு சேர்ந்து வரும் நினைவுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதிலும் சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடிய படத்தின் பெயர் அது.

என் வருத்தம் அந்தப் பட்டியலில் இல்லை. நடிகர்களை மாற்றலாம், கதைக்களத்தை மாற்றலாம், சகித்துக்கொள்ளலாம். சந்திரமுகியைப் பேயாக்கிய அந்த ஒரு முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் படம் அரும்பாடுபட்டு நம்மை ஓர் இடத்துக்குக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தது. இரண்டாம் படம் நம்மைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

முதல் படத்தின் அந்தக் கட்டில் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கிளம்பி நிற்கும் கங்காவைப் போக வேண்டாம் என்று கணவன் செந்தில்நாதன் தடுக்கிறான். சாதாரண வீட்டுப் பேச்சுதான். அவள் முதலில் கெஞ்சுகிறாள். பிறகு குரல் ஓர் இழை இறங்குகிறது. விழி அசையாமல் நிலைக்கிறது. ஒற்றைக் கையால் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்குகிறாள். அதைவிடப் பயங்கரமானது அடுத்து வருகிறது: அவன் கத்தியதும் அவள் மறுபடி கங்காவாகி, என்ன நடந்தது என்று புரியாமல் அவனையே பார்க்கிறாள். பயமுறுத்தியவளும் பயந்து நிற்பவளும் ஒருத்தியே. எதிரே நிற்கும் கணவன் அவளை விட்டு ஓட முடியாது, ஏனென்றால் அவன் அவளை நேசிக்கிறான். இரண்டாம் பாகத்தில் எவ்வளவு பேர் எவ்வளவு உயரம் பறந்தாலும் அந்தப் பார்வைக்கு ஈடாகாததற்கு கிராபிக்ஸ் காரணம் இல்லை.

இந்தக் கதையின் பூர்வீகம் மலையாளம். 1993இல் பாசில் இயக்கத்தில், மது முட்டம் எழுத்தில் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’. ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். அதன் சில காட்சிகள் நம் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அந்தப் படத்தின் கங்கா, பெற்றோர் தூரத்தில் இருக்க, பாட்டியின் கதைகளோடு தனியாக வளர்ந்தவள். நோயின் வேர் அந்தத் தனிமைக்குள் போகிறது. நாகவல்லி என்ற நாட்டியக்காரியின் கதை வந்து பற்றிக்கொள்ள அங்கே இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது.

அதன் ரீமேக்குகளில் ஒரு விஷயம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். 2004இல் வாசு இதையே கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக எடுத்தபோது அவள் தெலுங்கு பேசினாள். தமிழுக்கு வந்த சந்திரமுகியும் தெலுங்குதான் பேசுகிறாள். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த ‘பூல் புலையா’வில் மஞ்சுலிகா வங்காளம் பேசுகிறாள். எந்த மொழியில் படம் எடுத்தாலும் பேய் அந்த மொழியைப் பேசுவதில்லை. ஆந்திராக்காரி, தஞ்சாவூர்க்காரி, வங்காளக்காரி என்று அவள் எப்போதும் வெளியூர்க்காரி. நம் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து வருகிற ஆத்திரத்தை நம் மொழியிலேயே கேட்கும் தெம்பு நமக்கு இல்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். அப்படி ஒதுக்கி வைத்த குரலை, கடைசியில் மருத்துவர் கொண்டுவந்து நம் கங்காவின் குரல் என்று அடையாளம் காட்டுகிறாரே, அதில்தான் முதல் படத்தின் பெருமை இருக்கிறது.

பேயை நிஜமாக்கினால் ரசிகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. 2022இல் வந்த ‘பூல் புலையா 2’விலும் பேய் நிஜம்தான். வடக்கே அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். ஆகவே வசூலை வைத்து நான் வாதாட வரவில்லை. பேய் என்ற விளக்கம் நமக்கு ஏன் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்பதே என் கேள்வி.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டு, இறந்துபோன மாமியாரின் குரலில் பேசுவார். இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் கிழவியின் பேச்சு அச்சாக வரும். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நகையை எங்கே அடகு வைத்தாய், பிள்ளைத்தாச்சிக்கு என்ன வாங்கிப் போட்டாய் என்று கேட்பார். கணவர் கைகட்டி நின்று பதில் சொல்வார். நாத்தனார் கற்பூரம் ஏற்றுவார். இதே கேள்விகளை அந்த அக்கா தன் குரலில் கேட்டிருந்தால் ஒரு வார்த்தைக்கு மேல் பேச விட்டிருக்க மாட்டார்கள்.

வேப்பிலை, எலுமிச்சை, தாயத்து எல்லாம் ஆனது. ஒரு கோயிலில் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள். பிறகு அவருடைய தம்பி பிடிவாதமாக நின்று பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். அக்கா தூங்க ஆரம்பித்தார், தேறினார், குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பேய் பிடித்திருந்த வரைக்கும் தெருவே அவருக்காக இரக்கப்பட்டது. “பாவம், அவ என்ன பண்ணுவா, அது படுத்துற பாடு” என்றார்கள். மாத்திரை என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது. குடும்பத்திலேயே இருக்கிறதோ என்று கேட்டார்கள். தங்கைக்குக் கூடிவந்த சம்பந்தம் தட்டிப்போனது. வீட்டில் உப்பு குறைந்ததற்கோ, பள்ளிக்கூடப் பணம் கட்டாததற்கோ அவர் குரலை உயர்த்தினால் போதும், கணவர் பதிலே சொல்லாமல் அமைதியாக, “மாத்திரை போட்டியா?” என்பார். ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அம்மாவிடம் சொன்னார்: “அத்தே, எனக்குக் கோவம் வந்தா அது என் கோவம்னு ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க.”

பேய் ஏன் வசதி என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது. பேய் என்றால் யார் மீதும் பழி இல்லை. ஓட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, வீடு பழையபடி இருக்கலாம். நோய் என்றால் வீடு மாற வேண்டும். யார் அவளைத் தூங்கவிடவில்லை, யார் பேசவிடவில்லை, யார் தனியே விட்டார்கள் என்றெல்லாம் கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட நூறு எலுமிச்சை அறுப்பது எளிது. அந்தக் கணவரைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். மனைவிக்காக அலைந்தவர், கடன் வாங்கியவர். என்ன செய்தால் அவர் நல்ல கணவராக இருந்திருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் தெருவுக்கு வெளியிலும் இதே கதைதான். மனநோய் தீர வேண்டி மக்கள் வந்து தங்கும் தர்கா உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட வழியில்லாமல் 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். குணமாகும் என்ற நம்பிக்கையில் விட்டவர்கள் உண்டு, வேறு போக்கில்லாமல் விட்டவர்களும் உண்டு. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவை ஒட்டி அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. பிரார்த்தனையை விடச் சொல்லாமல், கூடவே மருந்தையும் கொடுக்கும் முறை.

அந்தத் தீ விபத்து நடந்து நான்கு ஆண்டுகளுக்குள் வந்த ஒரு வெகுஜனப் படத்தில், தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் மந்திரவாதியாக வரவில்லை, மனநல மருத்துவராக வந்தார் என்பதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. சரவணன் மாந்திரிகரை விரட்டுவதும் இல்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டார் நம்புகிற சடங்குக்குள்ளேயே தன் வைத்தியத்தைச் செய்கிறார். பலகையைச் சுழற்றி, செந்தில்நாதன் இருந்த இடத்தில் பொம்மையை வைத்து, வேட்டையனை எரித்துவிட்டதாக அவளை நம்ப வைக்கிறார்.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே இரவில் ஒரு நாடகத்தால் இப்படிப்பட்ட நோய் தீர்ந்துவிடாது. அந்த அரண்மனைப் பாம்பு ஏன் வந்தது என்பதற்கும் படத்தில் விளக்கம் கிடையாது. முருகேசன் மனைவியை வைத்து எழுதப்பட்ட நகைச்சுவை இன்று கேட்கக் கூசுகிறது. ஆனால் இத்தனை பேர் சேர்ந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றத் துடிக்கிறார்கள், அவளை ஒதுக்கிவிடச் சொல்லி அந்தக் கணவன் கேட்கவே இல்லை. நோயாளி என்று தெரிந்த அந்தக் கணத்திலும் அவள் அவனுக்கு மனைவியாகவே இருக்கிறாள். எங்கள் தெரு அக்காவுக்குக் கிடைக்காதது அது.

இரண்டாம் பாகத்தில் கங்காவும் இல்லை, செந்தில்நாதனும் இல்லை. குலதெய்வ வழிபாட்டுக்காக வந்த வேறொரு குடும்பம் அந்த அரண்மனையில் தங்குகிறது, ஆவி ஒரு பெண்ணைப் பிடிக்கிறது, இன்னோர் ஆவியோடு மோதுகிறது. அந்தக் குடும்பத்தில் யாரும் தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே கதையில் வரவில்லை. அவர்கள் தற்செயலாக அந்த வீட்டுக்கு வந்தவர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் பாகம் என்று ஒன்று எடுப்பதானால் கங்காவைத் தேடிப் போயிருக்க வேண்டும். குணமான மறுநாள் காலையில் தொடங்கியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் தான் எப்படி ஆடினோம், என்னென்ன பேசினோம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எவ்வளவு சொன்னார்கள்? சமையற்கட்டில் அரிவாள்மனையை அவள் கையில் எடுக்கும்போது மற்றவர்கள் எங்கே நின்றார்கள்? குழந்தை பிறந்தபோது அவளிடம் தனியாக விட்டார்களா? கங்கா செய்தவற்றுக்குத் தன்மேல் சந்தேகம் விழுந்தபோதெல்லாம் பொறுத்துக்கொண்ட துர்காவிடம் அவள் எப்படிப் பேசினாள்? பேய்ப்படத்துக்கு வேண்டிய பயம் இதிலேயே போதுமான அளவு இருக்கிறது. தன் மனத்தின் மீதே நம்பிக்கை இல்லாமல் ஒருத்தி வாழப் பழகுவதும், அவளோடு ஒரு வீடு வாழப் பழகுவதும் எந்த நள்ளிரவுக் காட்சியையும்விட நம்மை இருக்கை நுனிக்குக் கொண்டுவரும்.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு சண்டைக் காட்சி வேண்டும். ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு, வாங்கி வரச் சொன்னதை மறந்துவிட்டான் என்பது போல ஒன்றுக்கு, கங்கா வீடே அதிரும்படி செந்தில்நாதனோடு சண்டை போட வேண்டும். அவன் அவள் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. சரவணனுக்கு போன் போடக் கூடாது. மாத்திரை போட்டாயா என்று கேட்கக் கூடாது. “ஆமா, மறந்துட்டேன், அதுக்கு இப்படியா கத்துவ?” என்று அவனும் பதிலுக்குக் கத்த வேண்டும்.