திரை அசையாத தட்டு

15 ஆண்டுகளாகச் சைவ சித்தாந்த உரைகளைக் கணினியில் ஏற்றி வருகிறேன். கை பழகியது 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை. அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ப, க, க என்றால் 'பக்க'. ஆனால் 'தத்துவம்' என்று தொடங்கினால் முதல் இரண்டு தகரமும் 'த்த' என ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி உண்டு. முதல் தகரத்துக்குப் பின் அகர விசையைத் தட்ட வேண்டும். திரையில் ஒன்றும் மாறாது. அடுத்த தகரம் மட்டும் தனித்து வரும்.

சென்ற ஆண்டு கட்டற்ற உள்ளீட்டு மென்பொருள் ஒன்றுக்கு மாறினேன். அதில் அகரத்தைத் தட்டினால் 'தஅ' என்று விழுந்தது. கையில் இருந்ததோ 36 தத்துவங்களைச் சொல்லும் பகுதி. ஒவ்வொரு முறையும் இடைவெளி விட்டு எழுதி, திரும்பிப் போய் அதை அழித்தேன். மூன்றாம் நாள் விசை வரைபடக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மெய்க்கும் ஆகாரம் முதல் ஔகாரம் வரை 11 வரிகள் இருந்தன. அகரத்துக்கு வரி இல்லை. தகரத்தோடு அகரம் சேர்ந்தாலும் தகரம்தானே, அதை எழுதுவானேன் என்று விட்டிருக்கிறார்கள்.

உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயன் என்னும் சித்தாந்த நூலின் முதல் குறளிலேயே இறைவனுக்கு அகரத்தை உவமையாக்குகிறார். எழுத்தெல்லாம் கலந்து நிற்கும் அகரம்போல அவன் எங்கும் நிறைந்தவன். பலமுறை படித்தும் எனக்குள் ஒரு கேள்வி தீரவில்லை. எதையும் மாற்றாமல் நிற்கும் ஒன்றை 'இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? கணினியும் அந்தக் கேள்வியின் பக்கம்தான். இலக்கணத்தில் 'த்' என்ற மெய்யும் அகரமும் சேர்ந்தது 'த'. யூனிகோடில் 'த' ஒரே குறியீடு. 'த்' என்பதற்குத்தான் தகரம், புள்ளி என இரண்டு. அகரம் அங்கே பதிவாவதே இல்லை.

அந்தக் கோப்பின் முன்னால்தான் எனக்கு விடை கிடைத்தது. தகரத்தின் வடிவத்தில் அகரத்தைத் தேடினால் அகப்படாது. அடுத்த எழுத்தைத் தன்னியல்பில் நிற்கவிடும் செயலில் அகப்படும். இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் அருள் என்றே சித்தாந்தம் சொல்வதன் பொருளும் அப்போது பிடிபட்டது. 'மமதை' என்ற சொல்லுக்கும் அதே விசை வேண்டும். நான், எனது என்னும் அந்தச் செருக்கு பக்குவப்படும் வரை அதனோடும் அவன் மறைந்தே நிற்கிறான். உவமை நிரூபணம் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணில் படாததைக் கணக்கில் விட்டுவிட்டால் எது குலையும் என்பதை மூன்று நாள் என் விரல்கள் அனுபவித்தன.

18 மெய்க்கும் 18 வரிகள் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் அகரத்தைக் கூட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே எழுத்து. சேமித்துவிட்டு த, அ, த என்று தட்டினேன். இரண்டாம் தட்டுக்குத் திரை அசையவில்லை. மூன்றாவதில் தகரம் தனியே வந்து நின்றது.