வெற்றுரையின் பயன் யாருக்கு?

ஆங்கிலப் பேச்சு வழக்கிலே 'பங்கம்' என்றொரு சொல் உண்டு. பொருளற்ற வெற்றுரை, வாய்ப்பந்தல் என்று அதனை நாம் விளக்கலாம். ஊறு, தோல்வி என்னும் பொருள்களிலே தமிழில் வழங்கும் 'பங்கம்' என்ற சொல்லோடு அதற்கு உறவேதுமில்லை. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு உலக மொழிகள் யாவற்றையும் தமிழுக்குப் பிள்ளைகளாக்கிவிடுவோர் நம்மிடையே உளராதலின், இதனை முதலிலேயே கூறிவைத்தல் நன்று. அத்தகைய ஆராய்ச்சிகளுக்கும் அந்த ஆங்கிலச் சொல் பொருந்தும் என்பது வேறு விடயம்.

சொல்லின் பிறப்பிடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரதிநிதிகள் சபை. வட கரோலைனா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியிலே பங்கம் என்னும் பெயருடைய மாவட்டம் ஒன்றுள்ளது. அமெரிக்க விடுதலைப் போரிலே சிறைப்பட்டு இறந்த எட்வேட் பங்கம் என்ற படைத்தலைவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1820ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மிசூரி பற்றிய நீண்ட விவாதம் முடிந்து வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில், அத்தொகுதியின் உறுப்பினர் பீலிக்ஸ் வோக்கர் பேச எழுந்தார். சலிப்புற்றிருந்த சபை, 'வாக்கெடுப்பு, வாக்கெடுப்பு' என்று கூச்சலிட்டது. அவரோ, தாம் சபைக்காகப் பேசவில்லை, பங்கத்துக்காகவே பேசக் கடமைப்பட்டிருப்பதாகக் கூறினாராம். சபையிலே நிகழ்த்த இயலாத அவ்வுரை பின்னர் பத்திரிகையிலே அச்சேறியது. 'பங்கத்துக்குப் பேசுதல்' என்ற தொடர் கேலியாகப் பரவிற்று; நாளடைவிலே ஊர்ப்பெயரே வெற்றுரைக்குப் பெயராயிற்று.

அகராதிகள் இந்நிகழ்ச்சியை ஒரு வேடிக்கையாகவே சொல்லிச் செல்கின்றன. அன்று சபை விவாதித்த பொருள் யாது என்பதை நாம் கேட்க வேண்டியுள்ளது. மிசூரி ஒரு மாநிலமாகச் சேர்க்கப்படும்போது அங்கே அடிமைமுறை தொடர்வதா, இல்லையா என்பதே அன்றைய வினா. அவ்வாண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி மிசூரியிலே 10,000க்கும் சற்று மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். அவர்களுக்கு அச்சபையிலே குரலில்லை. அதுமட்டுமன்று, 1787இலே வரையப்பட்ட அரசியலமைப்பின்படி, அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டே மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளின் தொகை வகுக்கப்பட்டது. ஆண்டைகளின் ஆசனங்களைப் பெருக்குதற்கு மட்டும் அவர்கள் மனிதராக எண்ணப்பட்டனர். முடிவிலே மிசூரி அடிமை மாநிலமாகவும் மெயின் அடிமையற்ற மாநிலமாகவும் ஏற்கப்பட்டன. மேற்குப் பிரதேசத்தின் எஞ்சிய பகுதியிலே 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறை விலக்கப்பட்டது. நிலப்படத்திலே ஒரு கோடு வரைந்து மனிதரின் விதியைப் பங்கிட்டனர். வோக்கரின் வெற்றுரையைக் கண்டு நகைத்த சபை, இந்தக் கோட்டைக் கண்டு நகைக்கவில்லை. இதனை இராசதந்திரம் என்றே அது கொண்டது.

வள்ளுவர் 'பயனில சொல்லாமை'க்கு ஓர் அதிகாரம், 'வாய்மை'க்குப் பிறிதோர் அதிகாரம் வகுத்தார். வெற்றுரையும் பொய்யும் வெவ்வேறு குற்றங்கள் என அவர் கண்டமை போற்றத்தக்கது. ஆயினும் வோக்கரின் பேச்சைப் பயனிலதென்று தள்ளிவிட முடியுமா? பத்திரிகையிலே அதனைப் படிக்கும் தொகுதி வாக்காளர், தம் பிரதிநிதி தமக்காக முழங்கினார் என்றே எண்ணியிருப்பர். சபைக்குப் பயனற்றது பேசியவருக்குப் பயன்தரவல்லது. பயன் என்ற சொல்லை நாம் 'யாருக்கு' என்ற வினாவின்றி வழங்கவியலாது.

அண்மைக் காலத்திலே இப்பொருளை ஆராய்ந்தவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஹரி பிராங்பேட். அவர் எடுத்துக்கொண்டது இச்சொல்லுக்கு இனமான, எருதின் சாணத்தைக் குறிக்கும் இழிவழக்கு. 1986இலே வெளிவந்த அவரது கட்டுரை 2005இலே சிறுநூலாயிற்று. பொய்யன் உண்மையை அறிந்தே மறைக்கிறான், ஆதலின் உண்மையை ஒருவகையில் மதிக்கிறான். வெற்றுரையாளனுக்கோ தன் கூற்று மெய்யா பொய்யா என்ற கவலையே இல்லை, ஆதலின் அவனே உண்மைக்குப் பெரும்பகைவன் என்பது அவர் துணிபு. கூர்மையான கருத்து. எனினும் அவர் பேசுபவனின் உள்ளத்தையே பெரிதும் ஆராய்கிறார். அவனைப் பேசவைக்கும் நலன்களை அவ்வளவாக ஆராயவில்லை.

அந்நலன்களை அறிய ஹென்றி போர்ட்டைப் பார்க்கலாம். மேற்படி சொல்லின் குறுகிய வடிவமாகிய 'பங்க்' என்பதை உலகறியச் செய்தவர்களுள் அம்மோட்டார் முதலாளியும் ஒருவர். வரலாறென்பது பெரும்பாலும் 'பங்க்' என்று 1916இலே அவர் ஒரு பத்திரிகைப் பேட்டியிலே கூறினார். வரலாறு வேண்டாதவருக்குக் கட்டுக்கதை வேண்டியிருந்தது. 1920 முதல் அவருக்குச் சொந்தமான வாரப் பத்திரிகை, யூதர் உலகை ஆளச் சதி செய்வதாகத் தொடர்ந்து எழுதிற்று. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆவணம் போலியென்று 1921இலே இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் நிறுவியது. அதன் பின்னரும் யூத எதிர்ப்பெழுத்து நிற்கவில்லை. ஏதென்றறியாமல் வாய்தவறிச் சொன்ன சொற்களல்ல அவை. அச்சு இயந்திரமும் பணமும் விற்பனை வலையும் பின்னின்ற சொற்கள். வழக்கொன்றிலே சிக்கிய பின்னரே, 1927இலே போர்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அதற்குள் அக்கட்டுரைகள் நூல்வடிவிலே ஜேர்மன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, நாஜிகளின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.