நாம் குடியிருக்கும் பட்டணம்



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும், வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒருவர், "சுவாமி, இந்த ஊரில் பார்க்கத்தக்கது என்ன உண்டு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நம் பங்கினர் ஒருவர் முந்திக்கொண்டு, "நமக்கென்று ஒன்றுமில்லை, எல்லாம் அவர்களுடையது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பதில் வாரம் முழுவதும் என் மனதை உறுத்திற்று.

காலையில் கதவைத் திறந்தால் உங்கள் பிள்ளைகள் காண்பது 2,668 அடி உயரமுள்ள மலை. அதை உண்டாக்கியவர் யாரென்று ஞானோபதேசத்தின் முதற் பாடத்திலேயே படிக்கிறார்கள். அப்படியிருக்க, அது நமக்கு எப்படி அந்நியமாகும்? அடிவாரத்துப் பெரிய கோவிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. 217 அடி உயரமான கீழைக் கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தார். அத்தனை கல்லையும் சுமந்து ஏற்றிய கூலிக்காரர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. தச்சன் வீட்டில் வளர்ந்த நம் ஆண்டவர் அவர்களை அறிவார். 1767-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இவ்வூரருகே மோதின.

1896-இல் மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையனாக வந்த ரமண மகரிஷி, 1950-இல் மரிக்கும்வரை இம்மலையை விட்டுப் போகவில்லை. அவரைக் காண 1949-இல் வந்தவர்களில் ஒருவர் நம் குருவானவரே: பிரெஞ்சு தேசத்து ஆசீர்வாதப்பர் சபைச் சன்னியாசி ஆன்றி லெ சோ. அபிஷிக்தானந்தா என்று பெயர் கொண்டு, பின்னர் இம்மலைக் குகைகளில் மௌனமாய்த் தங்கி ஜெபித்தார். அவர் எழுதியவை எல்லாம் எனக்கு விளங்கிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் இம்மலையை அந்நியமென்று அவர் நினைக்கவில்லை.

நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டையும் மறவாதீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் அப்பக்கத்து ஏழைகள் நடுவே உழைத்த தர்ராஸ் சுவாமியார் எழுப்பிய லூர்து மாதா கோவில் அங்கே நிற்கிறது. விருந்தாளிகளை அங்கே அழைத்துப் போங்கள்.

இனி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகைத் தீபத்தன்று, பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவந்த ஒரு பாட்டியம்மாள், நம்மவர் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாராம். கதவு திறக்கப்படவில்லை. யார் வீடென்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். சேசுநாதர் சுவாமி வழி நடந்து களைத்து, சமாரியா நாட்டுக் கிணற்றருகே உட்கார்ந்து, வேறு முறையில் தொழுகிற ஒரு பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாரே! அவள் ஆச்சரியப்பட்டாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை.

இவ்வருஷம் தீபத்தன்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகையால் பூசை விடியற்காலை 5 மணிக்கே நடக்கும். பூசை முடிந்ததும் நம் கோவில் வாசலில் தண்ணீர்ப் பந்தல். குடம், குவளை தரக்கூடியவர்களும், இரண்டு மணி நேரம் நிற்கக்கூடிய வாலிபரும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும். அன்று எனக்குமுன் பதில் சொன்னவர் ஓர் அண்டா தருகிறேன் என்றிருக்கிறார். அதற்கு மூடி மட்டும் இல்லையாம். வேறு யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள்.