இரசனையும் தீர்ப்பும்: ஒரு பாடலைப் புகழ்பவனின் கடன்

"இரசனை அவரவர்க்கு உரியது, அது பற்றி வாதிடுதற்கு இடமில்லை" என்னும் கூற்று இசை பற்றிய உரையாடல்களின் இறுதிச் சொல்லாக அடிக்கடி ஒலிக்கின்றது. புதிய பொப் பாடலோ ரொக் பாடலோ ராப் பாடலோ வெளிவந்த சில மணி நேரத்திற்குள்ளேயே அது பற்றிய தீர்ப்புகள் பிறந்துவிடுகின்றன. ஒருவருக்கு அது அற்புதம். மற்றவருக்கு அது வெறும் இரைச்சல். காரணம் யாது என வினவினால் இருவருமே மேற்கூறிய வாக்கியத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

இக்கூற்று சகிப்புத்தன்மையின் குரலாகத் தோன்றுவது உண்மையே. பிறர் விருப்பத்தில் தலையிடாமை நற்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதனைக் கூறுவோரின் நடத்தை கூற்றோடு பொருந்துவதில்லை. தாம் போற்றும் பாடகனைப் பிறர் இகழ்ந்தால் அவர்கள் சினம் கொள்கின்றனர். வாதத்திற்கு இடமில்லாத விடயத்தில் சினத்திற்கு இடமேது? ஒருவருக்குப் பாகற்காய் பிடிக்கவில்லை என்பதற்காக எவரும் மனம் நோவதில்லை. பாடல் இகழப்படும்போது மனம் நோவதாயின், பாடல் பற்றிய தீர்ப்பு வெறும் விருப்பத்தினும் வேறானது என்பதை இரசிகனே தன்னை அறியாமல் ஒப்புக்கொள்கின்றான் எனலாம்.

இவ்வேறுபாட்டை மேலைத்தேயச் சிந்தனையாளர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். இம்மானுவேல் காண்ட், 1790ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், "இது எனக்கு இனிக்கின்றது" என்பதையும் "இது அழகியது" என்பதையும் பிரித்துக் காட்டினார். முன்னது பேசுபவனோடு முடிந்துவிடுகின்றது. பின்னது ஏனையோரும் உடன்பட வேண்டும் என்று கோருகின்றது. அவருக்கு முன்னர், 1757இல், டேவிட் ஹியூம் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் சேர்வாந்தேசின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாண்டார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவன் அதில் தோலின் வாடை உண்டென்றான்; மற்றவன் இரும்பின் சுவை உண்டென்றான். கூடியிருந்தோர் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய ஒரு திறவுகோல் கிடந்தது. சுவைத்தவர்கள் தம் மனத்தில் உள்ளதைச் சொல்லவில்லை. பீப்பாயில் உள்ளதையே சொன்னார்கள் என்பது கதையின் பொருள். ஒரு பாடலின் அடியிலும் அவ்வாறு யாதேனும் கிடக்குமா? கிடக்குமெனில், அதனைத் தேடும் கடன் தீர்ப்புக் கூறுபவனுக்கு உண்டா? இவ்விரு வினாக்களே ஈண்டு ஆராயப்படுவன.

இவற்றை மாத்தளை மாவட்டத்தில் வைத்து நோக்குவது பொருத்தமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் அதிகமான காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை ஊடாக மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது 1880ஆம் ஆண்டிலேதான். கோப்பி நோயால் அழிந்து தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் அதன் இடத்தைப் பிடித்த பின்னரும் இரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவை முதலிய இடங்களின் தோட்டங்களில் அம்மக்களின் வழித்தோன்றல்களே உழைத்தனர். காமன் கூத்தும் தாலாட்டும் ஒப்பாரியும் தப்பின் முழக்கமும் அவர்களோடு வந்தவை.

இதே மாவட்டத்தில்தான் அலுவிகாரை உள்ளது. அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட பௌத்தத் திருமுறைகள், பஞ்சமும் போரும் அவற்றை நினைவிற் சுமந்தோரின் உயிரைக் காவு கொள்ளும் என்ற அச்சத்தால், கி.மு. முதலாம் நூற்றாண்டில் இங்கு ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. ஒரு மக்களின் நினைவு வாயில் மட்டும் வாழுமாயின் அவர்களோடு அதுவும் அழியக்கூடும் என்பதை உணர்ந்த செயல் அது. தோட்டத்துப் பாடல்களுக்கு அத்தகைய ஏடு நெடுங்காலம் வாய்க்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றுட் சிலவற்றைத் தொகுத்து அச்சேற்றினர். ஏனையவை பாடியவர் பெயரின்றி, பலவேளை சொல்லுமின்றி, மறைந்தன.

இப்பின்னணியில் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த "என்ஜாய் எஞ்சாமி" என்னும் பாடல் தனிக் கவனத்துக்குரியது. தீயும் அறிவும் பாடிய இப்பாடலைச் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். ராப் இசையோடு ஒப்பாரி மரபை இணைத்த இதனை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டனர். தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியவர் என்றும், அவரது வாழ்வே பாடலின் ஊற்று என்றும் அறிவு கூறியுள்ளார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் எனவும் 300,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் எனவும் எண்களாற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த எண்களுக்குள் அகப்பட்ட மனிதரின் குரல் ஒரு துள்ளிசைப் பாடலின் வழியே உலகின் செவியை எட்டியது.

அத்தகைய பாடலைப் பற்றியும் "அற்புதம்", "இரைச்சல்" என்னும் இரு தீர்ப்புகளே பெரிதும் வழங்கின. இரைச்சல் என்போரின் வரலாறு நீண்டது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் "சின்ன மாமியே", "சுராங்கனி" முதலிய பொப் பாடல்களால் இந்நாட்டு இளைஞரைக் கவர்ந்த காலத்திலும் இசை கெட்டது என்று வருந்தியோர் உளர். அதற்கும் முன்னர், 1960களின் தொடக்கத்தில், பேச்சுவழக்கிற் கதை எழுதியோரை நோக்கி "இழிசனர் வழக்கு" என்னும் சொல் வீசப்பட்டது. அந்த மரபுப் போராட்டத்தில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் முற்போக்கு எழுத்தாளர் பக்கம் நின்றனர். அதன் படிப்பினை இன்றும் பயனுடையது: சுவை பற்றிய தீர்ப்புப் போலத் தோன்றியது, பேசுவோர் எக்குலத்தவர், எவ்வூரவர் என்பது பற்றிய தீர்ப்பாகவே இருந்தது. பேச்சையே தாளமாக்கும் ராப் இசையை இரைச்சல் என ஒதுக்குபவன், தன் செவி வெறுப்பது ஒலியையா அன்றி அவ்வொலிக்கு உரியவரையா என்று தன்னையே ஒருமுறை வினவுதல் தகும்.

அற்புதம் என்போரின் நிலையும் இதனினும் மேலானது அன்று. பாடலின் தலைப்பிலுள்ள "எஞ்சாமி" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோர்க்கு இது விளங்கும். நிலமற்ற உழைப்பாளி நில உடைமையாளனை விளிக்கும் சொல் அது. பாட்டி பேரப்பிள்ளையை அணைத்து விளிக்கும் சொல்லும் அதுவே. முன்னதில் அடிமைத்தனம், பின்னதில் அன்பு. அடங்கி நின்று கூறிய சொல்லையே அன்பின் சொல்லாகவும் வழங்கிய மக்களின் வரலாறு அந்த ஒரு விளியில் உறைந்திருக்கின்றது. அதன் அருகிலுள்ள ஆங்கிலச் சொல்லை மட்டும் கேட்டு ஆடுபவன் மதுவைச் சுவைத்தான், திறவுகோலை அறிந்திலன். இவ்விடத்து ஹியூமின் கருத்து ஒரு திருத்தத்தை வேண்டி நிற்கின்றது. நுண்ணிய சுவையுடையோர் கற்றோரே என அவர் பெரிதும் எண்ணினார். ஆனால் இச்சொல்லின் இரு பொருளையும் நூலின் துணையின்றி அறியக்கூடியவர் எல்கடுவையின் லயத்திலுள்ள ஒரு மூதாட்டியே. பல்கலைக்கழக மாணவன் அவரிடமிருந்து கற்க வேண்டியவனாகின்றான்.

இங்கு ஒரு வலிய தடை எழுப்பப்படலாம். பாடல் செவிக்கு உரியது. அதன் வரலாறு நூலகத்திற்கு உரியது. தமிழ் அறியாத ஒருவன் அப்பாடலைக் கேட்டு மகிழ்வானாயின் அவன் மகிழ்ச்சி பொய்யா? ஆடுபவன் ஒவ்வொருவனும் வரலாற்றாசிரியன் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே விடை. மகிழ்ச்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை. திருமண வீட்டில் ஆடும் இளைஞன் எவர்க்கும் கடன்பட்டவன் அல்லன். ஆனால் மகிழ்ந்தவன் வாய் திறந்து, "இது உயர்ந்தது", "இது தாழ்ந்தது" என்று கூறும் கணத்தில் அவன் வேறொரு செயலைச் செய்கின்றான். தன் சொல்லைப் பிறர் ஏற்க வேண்டும் என்று கோருகின்றான். கோரிக்கை உள்ள இடத்திற் காரணம் கூறும் கடனும் உண்டு. கோரிக்கை பெரிதாகுந்தோறும் அறிய வேண்டியதும் பெரிதாகின்றது. அறிவு பாடலுக்கு வெளியிலிருந்து சேர்க்கும் இனிப்பு அன்று. பாடலுக்குள் இருப்பதைக் கேட்கச் செய்வது அது. துயரப் பொருளுக்குத் துள்ளும் தாளம் பொருந்துமா என ஒருவன் ஐயுறலாம். மலையகத்து இறப்பு வீட்டிற் தப்பு முழங்குவதை அறிந்தவனுக்குத் துயரும் தாளமும் பகையல்ல என்பது புலனாகும். அவன் செவியே மாறிவிடுகின்றது.

காரணம் கூறும் கடனோடு பெயர் கூறும் கடனும் உண்டு. 2021 ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" இதழின் அட்டையில் தீயும் மற்றொரு பாடகரான ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர்; அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதனைக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவுக்கென ஓர் இணைய அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலையிற் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அறிவு இன்றியே மேடையேறியது. அதன் பின், பாடலை இயற்றி, எழுதி, பாடியதிற் தமக்குள்ள பங்கை அறிவு பகிரங்கமாக எடுத்துரைத்தார். அது கூட்டு முயற்சி எனவும் எவர் பங்கையும் தாம் மறைக்கவில்லை எனவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கினர். அவர்களுக்கிடையே நீதி வழங்குதல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பெயர் என்பது புகழாசை மட்டும் அன்று என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ராப் இசையின் முதற் பெரும் வணிக வெற்றியான "ராப்பர்ஸ் டிலைட்" 1979இல் வெளிவந்தபோது, அதன் வரிகளுள் ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பாருடையது. அவர் பெயர் அதிற் குறிக்கப்படவில்லை. பெயரின்றி மறைந்த பாடல்களை உடைய ஒரு மக்களுக்கு இத்தகைய விடுபாடு புதியதன்று. ஆகவேதான் அதன் வலியும் பெரிது. பாடலைப் புகழ்பவன் பாடியவனின் பெயரையும் கூறுதல் எளியதொரு கடன். அதனைச் செய்யாமைக்குச் சாட்டு இல்லை.

இறுதியாக, இவ்வாதத்திற்குள்ளேயே மறைந்திருக்கும் ஓர் ஆபத்தையும் சுட்டுதல் வேண்டும். "இது ஒடுக்கப்பட்டோரின் பாடல், ஆகவே குறை கூறலாகாது" என்போர் உளர். இது மதிப்புப் போலத் தோன்றும் அவமதிப்பாகும். குறை கூறத்தகாத படைப்பு என்று ஒன்றை ஒதுக்கிவைத்தல் அதனைக் கலையாக ஏற்க மறுத்தலே. புகழ் அப்போது பிச்சையாகிவிடுகின்றது. "என்ஜாய் எஞ்சாமி" பாடலின் வண்ணமயமான காட்சிகள் உழைப்பின் கொடுமையை அழகிய ஓவியமாக மென்மைப்படுத்திவிடவில்லையா என்று ஒருவன் வினவலாம். அவ்வினா நேர்மையானது. அதற்கு எதிராக, அழகாகத் தோன்றும் உரிமை தோட்டத்து மூதாட்டிக்கும் உண்டு என்று மற்றொருவன் விடையிறுக்கலாம். இவ்வாறு வாதிடும் இருவருமே அப்பாடலை உண்மையாக மதிப்பவர்கள். வாதிட மறுத்து, "இரசனை அவரவர்க்கு உரியது" என்று கூறி விலகுபவனே அதனை மதியாதவன்.

ஆகவே, இரசனை அவரவர்க்கு உரியது என்பது பாதி உண்மையே. சுவைத்தல் ஒருவனுக்கு உரியது. தீர்ப்போ பலர்க்கும் உரியது. காரணம் கூறுதல், அறிய முயலுதல், பெயர் கூறுதல், பிச்சையாகப் புகழாமை ஆகிய நான்கும் தீர்ப்பளிக்கும் இரசிகனின் கடன்கள். நாளை இன்னொரு புதிய பாடல் வெளிவரும். மாத்தளையின் தோட்டங்களிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் அது ஒரே வேளையில் ஒலிக்கும். அதனைப் பற்றி இவ்விரு இடத்தாரும் ஒருவரோடொருவர் சமமாக இருந்து வாதிடும் நிலை தோன்றுமாயின், இசை வெறும் பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்துவிட்டது எனலாம்.