வாடாப் பசுமை

புதிதாக எழுந்த வீட்டின் முற்றத்தில் மண் இருக்கும். ஆனால் அதில் மண்ணின் குணம் இராது. மாதக்கணக்கில் லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் ஏறி இறங்கி அதனை இறுக்கிவிடுகின்றன. மேல்மண் வாரப்பட்டுப் போய்விடுகிறது. சிமெண்டுச் சிதறலும் மரத்துண்டுகளும் எஞ்சுகின்றன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகரின் புறத்தே எழும் வீடுகளிலோ, அதன் அடியில் சுண்ணாம்பு இறுகிய பாலைநிலம் வேறு. அங்கு வீடு வாங்கியவர் பலர் பிளாஸ்டிக் புல்தரையை நாடுகின்றனர். அவர் செய்வது தகுமா என்பதே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விழையும் வினா.

முதலில் அவர் தரப்பு நியாயத்தைக் கேட்போம். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. அந்நகரம் பருகும் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றினுடையது. ஹூவர் அணையின் பின்னே மீட் ஏரியில் தேங்குவது. 1930களில் அவ்வேரி நிரம்பத் தொடங்கிய காலந்தொட்டுக் காணாத தாழ்வுக்கு 2022 ஜூலையில் அதன் நீர்மட்டம் இறங்கிற்று. இன்னொன்றும் உண்டு. சமையலறையிலும் குளியலறையிலும் செலவாகும் நீர் பெரும்பாலும் தூய்மை செய்யப்பட்டு ஏரிக்கே திரும்பிவிடுகிறது. முற்றத்தில் இறைத்த நீரோ வானத்தோடு போயிற்று. ஆகவே அவ்வூரில் உண்மையான ஊதாரி, குழாயைத் திறந்து வைத்துக் குளிப்பவர் அல்லர், புல் வளர்ப்பவரே. வெறும் அழகுக்கென வளரும் புல்லுக்கு ஆற்றுநீர் பாய்ச்சுவதை 2027 முதல் தடுக்கும் சட்டத்தை நெவாடா 2021இல் இயற்றியது. தனி வீடுகளை அச்சட்டம் தொடவில்லை. எனினும் புது வீடுகளில் புல் நட உள்ளூர் விதிகள் கடுங்கட்டுப்பாடு விதித்துள்ளன. இந்நிலையில் பிளாஸ்டிக் விரித்தவரைப் பார்த்துப் 'போலி' என முகஞ்சுளிப்பது அறமாகாது.

போலி என்னும் பழியையும் சற்று ஆராய்வோம். பொய் என்றால் ஏமாறுபவன் ஒருவன் வேண்டும் அன்றோ? பிளாஸ்டிக் புல்லைக் கண்டு ஏமாறுவார் யாருமிலர். மேலும், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே மழை பெய்யும் பாலையில் உயிர்ப்புல் மட்டும் என்ன உண்மை பேசிற்று? மழைநாடாகிய இங்கிலாந்தின் மாளிகைத் தோட்டங்களைப் பார்த்து எழுதிய நகல் அது. பூக்கவும் விதைக்கவும் விடாது வாரந்தோறும் வெட்டப்பட்டது. பிளாஸ்டிக் அந்த நகலின் நகல்; அவ்வளவே.

இது புகழ்பெற்ற கதையே ஒரு வேடிக்கை. 1965இல் ஹூஸ்டன் நகரில் கூரையிட்ட பெரும் விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே புல் வளரட்டும் என்று ஒளி புகும் கூரை வேய்ந்தனர். அவ்வொளியில் உயரப் பறந்த பந்து ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் அடித்தனர், புல் செத்தது. செத்த புல்லின்மேல் பச்சை வர்ணம் பூசி அந்தப் பருவத்தை ஓட்டினர்! மறு ஆண்டு மான்சான்டோ நிறுவனத்தின் பிளாஸ்டிக் புல் வந்து விரிந்தது. ஆக, ஓர் இடத்தில் புல் வாழ இயலாதென உறுதியான பின்னரும் பச்சை மட்டும் வேண்டும் என்ற பிடிவாதமே இதற்குப் புகழ் தேடித் தந்தது.

அந்தப் பிடிவாதத்தில்தான் நம் வினாவின் முடிச்சும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நீரைச் சேமிப்பதே நோக்கமாயின் வேறு வழியும் உண்டு. கூழாங்கல் பரப்பி, அந்நிலத்துக்கே உரிய செடிகளை நட்டாலும் நீர் மிஞ்சும். புல்லை அகற்றி அவ்வாறு நடுவோர்க்குச் சதுர அடிக்கு இவ்வளவு எனப் பணமும் தருகின்றனர். ஆகவே பிளாஸ்டிக் தீர்த்து வைப்பது நிலத்தின் தாகத்தை அன்று, கண்ணின் பழக்கத்தை.

அப்பழக்கத்துக்காக என்ன செய்கிறோம்? சில அங்குல மண்ணைத் தோண்டி எறிந்து, ஜல்லி கொட்டி, இயந்திரத்தால் அதிர்வித்து இறுக்கி, களை முளைக்காதபடி துணி விரித்து, அதன்மேல் பாய்போல் சுருளை உருட்டி, ஓரங்களில் ஆணி அடித்து, மணல் தூவித் தூரிகையால் வாருகிறோம். கோடை நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு குழந்தையை விட இயலாது. குளிர்விக்க அதற்கும் நீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. வெப்பம் தடுக்கும் புதுவகைச் சன்னல் கண்ணாடி தெறிக்கும் வெயில் பட்டு, அண்டை வீட்டுப் புல் உருகிப் போவதும் உண்டு! பதினைந்து இருபது ஆண்டில் சுருட்டி எறிய வேண்டும். பலவகைப் பிளாஸ்டிக்கும் பசையும் ஒட்டிக்கிடப்பதால் பிரித்தெடுத்து மீண்டும் பயன்கொள்வது அரிது.

இவையெல்லாம் செலவுக் கணக்கு. நம்மை உறுத்துவது வேறு. செடி வாடும், வாடுவதால்தான் நாம் காலையில் அதன் முகம் பார்க்கிறோம். பசித்தால் அழும் குழந்தையைத்தான் தாய் எழுந்து பார்க்கிறாள். வாடாத ஒன்று நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. பிளாஸ்டிக்கில் நாம் விலை கொடுத்து வாங்குவது பச்சை நிறத்தை மட்டுமன்று, கவலையின்றி இருக்கும் உரிமையையும்தான். முழங்கால் வலியால் மண்வெட்டி பிடிக்க இயலாத முதியவர்க்கு அவ்வுரிமை ஓர் ஆறுதல். அதனை மறுக்க நாம் யார்? ஆனால் திடகாத்திரமான இளந்தம்பதியர், வாழ்வைத் தொடங்கும் வீட்டிலேயே, தம்மை நம்பியிருக்கும் உயிர் எதுவும் முற்றத்தில் வேண்டாம் என முன்கூட்டியே தீர்மானிப்பது நமக்கு வருத்தம் தருகிறது.

அப்பாலையில் பாலோ வெர்டே என்றொரு மரம் உண்டு. ஸ்பானிய மொழியில் 'பச்சைக் கம்பு' என்று பொருள். வறட்சி முற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டு, பச்சைநிறப் பட்டையாலேயே வெயிலை உண்டு அது உயிர் வாழ்கிறது. வேனில் தொடக்கத்தில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும். அப்பூக்கள் உதிர்ந்து முற்றமெங்கும் பரவுவதால் நாள்தோறும் பெருக்க வேண்டியிருக்கிறது என்பது அம்மரத்தின்மேல் கூறப்படும் குறை.