ஆற்றல் தற்சார்பும் அதன் அறவியல் எல்லையும்

2005 ஆகஸ்டு 14ஆம் நாள் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் அன்றைய குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், ஆற்றல் பாதுகாப்பு வேறு, ஆற்றல் தற்சார்பு வேறு எனப் பிரித்துக் காட்டிப் பின்னதை 2030ஆம் ஆண்டிற்குள் எய்துதல் வேண்டும் என்றார். 2021ஆம் ஆண்டு விடுதலை நாள் உரையில் அவ்விலக்கு 2047க்கு உரியதாக அறிவிக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் கச்சா எண்ணெய்த் தேவையில் இறக்குமதியின் பங்கு குறையவில்லை. 85 விழுக்காட்டைக் கடந்து உயர்ந்தது. இதற்கான காரணங்கள் பொருளியலார் ஆய்வுக்குரியன. தற்சார்பு என்பது யாரைச் சாராமை என்னும் வினாவோ அறவியலுக்குரியது.

வெயிலும் காற்றும் பிறநாட்டிடம் விலைக்கு வாங்கப்படுவன அல்ல. ஆதலின் அவற்றால் மின்னாக்கும் நாடு பிறரைச் சார்ந்திராது என்பர். வெயிலுக்கு விலையில்லை என்பது மெய். அதனை மின்னாக்கும் தகட்டிற்கு விலையுண்டு. பாலிசிலிக்கான் தொடங்கித் தகடு ஈறாக, அதன் ஆக்கத்தின் எல்லாப் படிநிலைகளிலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டது எனப் பன்னாட்டு ஆற்றல் முகமை 2022இல் கணக்கிட்டது. எனினும் இவ்விரு சார்புகளும் ஒரே தன்மையன அல்ல. எண்ணெய் வரத்து நின்றால் ஊர்திகள் நிற்கும். தகடு வரத்து நின்றாலும் முன்னரே நிறுவியவை ஏறத்தாழ 25 ஆண்டுகள் மின் தரும். சார்பு அகலவில்லை, அதன் கடுமை குறைகிறது. சார்பு என்றாலே தாழ்வு எனக் கொள்வதும் பொருந்தாது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றும் சார்ந்து வருவன என வகுத்த தொல்காப்பியர், அவற்றை எழுத்துக்கு ஒப்பாகவே கொண்டார்.

நாட்டிற்குள் எழும் சிக்கலே இதனினும் கடிது. இராசத்தானின் சைசல்மேர்ப் பகுதியில் 'ஓரண்' எனப்படும் தெய்வக் காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் சூரிய மின் திட்டங்களுக்கு ஒதுக்கப்படுவதை எதிர்த்து ஊரார் போராடியுள்ளனர். அங்கு வாழும், அழிவின் விளிம்பிலுள்ள கானமயில் மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. அதன் வாழிடங்களில் மின்தடங்களை நிலத்தடியில் பதிக்க 2021 ஏப்ரலில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2024 மார்ச்சில் அவ்வாணையைத் தளர்த்தி வல்லுநர் குழு அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்கினின்று காக்கப்பெறும் உரிமையையும் அதே தீர்ப்பில் ஏற்றது. இரண்டு நன்மைகள் மோதும் இடம் இது. நாட்டின் தற்சார்பு மேய்ச்சற்குடியின் தற்சார்பைக் கொடுத்துப் பெறப்படுமாயின், அச்சொல்லின் 'தன்' யாரைச் சுட்டுகிறது என்பது ஆராயற்பாலது.

செலவழியாத மின்னுக்கு நிலமும் வேண்டா, கனிமமும் வேண்டா. ஆயின் சேமிப்பை எல்லாரிடமும் ஒரே அளவில் வேண்டுதல் முறையன்று. இந்தியரின் தலைக்குரிய மின்நுகர்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவே. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டம் பெருந்தொழிலகங்களையும் வணிகக் கட்டடங்களையுமே முதலில் நோக்கியது இவ்வகையில் பொருத்தமானது. பெருங்குடியிருப்புக் கட்டடங்கள் அதன் வரம்பிற்குள் வருவதற்கு 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.