சொல்லாத் துயரும் கேட்கும் கடமையும்

துயரம் தனிமனிதனுடைய உள்ளத்தில் நிகழ்வது. ஆயினும் அதனை ஆற்றும் பொறுப்பைத் தமிழ்ச் சமுதாயம் தனிமனிதனிடம் மட்டும் விட்டுவிட்டதில்லை. இழவு வீட்டிற் பெண்கள் கூடி ஒப்பாரி சொல்வதும், அயலார் உணவு சமைத்துக் கொண்டுவருவதும், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என நாள்களை வகுத்துத் துயரத்துக்கு ஓர் ஒழுங்கு காண்பதும் இப்பொறுப்பின் வெளிப்பாடுகளே. தொல்காப்பியர் அழுகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டார். இழிவு, இழப்பு, பழைய நிலையினின்றும் தாழ்தல், வறுமை என்னும் நான்கும் அதற்குக் களன்கள் என அவர் வகுத்தார். மெய்ப்பாடு என்னும் சொல்லே உள்ளத்தில் நிகழ்வது உடலின்வழிப் புலப்படுதலைக் குறிப்பது. புலப்படுதல் என்றால், அதனைக் கண்டுணர்வோர் ஒருவர் இருத்தல் வேண்டும். எனவே துயர்ப்படுவோனும் அவன் துயரத்தைக் கண்டு உடனிருப்போனும் ஆகிய இருவரின்றி அழுகை முழுமை பெறுவதில்லை.

இவ்வொழுங்கு சிதைந்துபோன காலத்தில் வளரும் இளையோரின் நிலை யாது? மெய்ப்படாத துயரத்தைச் சுமக்கும் ஒரு சிறுவனைப் பேசவைப்பது அறமா, பேசாது விட்டுவிடுவது அறமா? இவ்வினா நூல்களிலிருந்து எழுந்த வினா அன்று. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மூன்று தலைமுறைகளாக வாழ்க்கையே எழுப்பிவரும் வினா இது.

வாவியின் நடுவே அமைந்தது புளியந்தீவு. ஒல்லாந்தர் கோட்டையும் புனித மிக்கேல் கல்லூரியும் மெதடிஸ்த மத்திய கல்லூரியும் இங்கேயே உள்ளன. எழுவான்கரை மக்களும் படுவான்கரை மக்களும் நெடுங்காலமாகக் கச்சேரிக்கும் கல்விக்கும் கடைத்தெருவுக்கும் பாலங்களைக் கடந்து இத்தீவுக்கு வந்தனர். அவ்வாறு வந்தோருள் இழவைச் சுமந்து வந்தோரும் பலர். 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர்; அவர்களுட் சிறுவரும் இருந்தனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரிலும் அத்தகைய கொலை நிகழ்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய இயேசு சபைத் துறவியான இயூஜின் ஹேபேர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 ஆம் நாள் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற் போனார். அவரிடம் பயின்ற மாணவருக்கு ஆசிரியரின் கல்லறையிற் பூ வைக்கும் வாய்ப்பும் கிட்டவில்லை. பின்னர் 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் தாக்கியது. 2019 ஏப்ரில் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் மறைக்கல்வி வகுப்பை முடித்து நின்ற பிள்ளைகள் பலர் மாண்டனர்.

இவற்றுள் மரணம் நிகழ்ந்தமை உறுதியான இடங்களிற் சடங்காவது எஞ்சியது. முஸ்லிம் வீடுகளிற் கத்தம் ஓதப்பட்டது. கிறித்தவர் இறந்தோருக்காக வழிபாடு நிகழ்த்தினர். காணாமற் போனோர் வீட்டிலோ சடங்குக்கும் இடமில்லை. தந்தைக்குத் திவசம் செய்யும் மகன் அவர் இறந்துவிட்டாரெனத் தானே தீர்ப்பளித்தவன் ஆகின்றான். செய்யாதிருப்பின், அவருக்குரிய கடனைச் செய்யாதவன் ஆகின்றான். தாய் பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று அறியாதிருக்கும் வீட்டில், பிள்ளை அழுவதே ஒரு குற்றம்போலத் தோன்றும். அழுதால் நம்பிக்கையைக் கைவிட்டதாகும் என்ற அச்சம் அப்பிள்ளையின் நாவைக் கட்டிவிடுகின்றது.

இளையோர் வாய் திறவாமைக்கு வேறு காரணங்களும் உள. முதலாவது, பாதுகாப்பு. போர்க்காலத்தில் யார் கொண்டுசென்றார் என்பதைச் சொல்வதே அடுத்த இழப்புக்கு வழியாகக் கூடியதாயிருந்தது. அக்காலத்தில் மௌனம் கோழைத்தனமன்று. உயிர் காக்கும் விவேகம். இரண்டாவது, அன்பு. தாய் மனமுடையக் கூடாதென்று மகள் தன் துயரை மறைக்கின்றாள். மகள் படிப்புக் குலையக் கூடாதென்று தாய் தன் துயரை மறைக்கின்றாள். ஒரே கூரையின் கீழ் இரு மௌனங்கள் ஒன்றையொன்று காத்து நிற்கின்றன. மூன்றாவது, நாணம். ஆயுதக் குழுக்களிற் சேர்க்கப்பட்டு மீண்ட சிறுவருட் சிலர் தமக்கு நேர்ந்தவற்றை மட்டுமன்றித் தாம் செய்தவற்றையும் சுமந்து வந்தனர். அழுகையின் களன்களுள் இழிவைத் தொல்காப்பியர் முதலில் வைத்தமையின் பொருள் இத்தகையோரிடத்தே நன்கு விளங்கும். இவற்றோடு, ஆண்பிள்ளை அழலாகாது என்னும் வழக்கும் சேர்ந்துகொள்கின்றது. ஒப்பாரி பெண்களுக்கு உரியதாகையால், பதினைந்து வயது இளைஞனுக்கு இழவு வீட்டிற் பந்தற்கால் நடும் வேலை உண்டு, அழுவதற்கு இடமில்லை.

இந்நிலையில் இருவகை மறுமொழிகள் கூறப்பட்டு வந்துள்ளன. காலம் எல்லாவற்றையும் ஆற்றும், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அவர்களைப் படிக்க விடுங்கள் என்பது ஒன்று. இதில் ஓரளவு உண்மையுண்டு. இழப்புக்கு ஆளான இளையோரிற் பெரும்பாலோர் அன்புடைய வீடும் ஒழுங்கான பள்ளியும் கிடைப்பின் மருத்துவ உதவியின்றியே தேறுகின்றனர். ஆயினும் மறந்துவிடு என்னும் அறிவுரை பெரும்பாலும் பிள்ளையின் நலனுக்காகக் கூறப்படுவதில்லை. கேட்பதற்கு அஞ்சும் பெரியோர் தம்மைக் காத்துக்கொள்ளவே கூறுகின்றனர். பிள்ளை இதனை விரைவில் உணர்ந்துகொள்ளும்.

மற்றது இதற்கு நேர்மாறானது. உள்ளே இருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும். ஆதலால் எவ்வாறாயினும் பேசவைக்க வேண்டும் என்பது. ஆழிப்பேரலைக்குப் பின் கீழைக்கரைக்கு வந்த உதவியாளருட் சிலர், அலையை வரையுமாறும் கண்டதைச் சொல்லுமாறும் பிள்ளைகளைக் கேட்டனர். ஓரிரு நாளிற் சென்றும் விட்டனர். பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் நிகழ்ந்ததை விவரிக்கச் செய்யும் முறை பின்னாளில் உளநோய் தோன்றுவதைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்பதை 2002 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு எடுத்துக்காட்டியது. அம்முறையைக் கட்டாயமாக நடத்துவது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் அதன் முடிவாயிற்று. ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007 இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதனையே வற்புறுத்தின. மருத்துவக் காரணம் ஒருபுறமிருக்க, இதில் அறக்காரணமும் ஒன்றுண்டு. ஒருவனுடைய துயரம் அவனுடைய உடைமை. அதனைக் கேட்பவனின் பயனுக்காகவோ, அறிக்கைக்காகவோ, நிழற்படத்துக்காகவோ பறித்தெடுப்பது, அது கருணையின் பெயராற் செய்யப்படினும், பறித்தலே ஆகும்.

இவ்விரண்டுக்கும் வேறான வழியொன்று மட்டக்களப்பிலேயே காணப்பட்டது. 1996 இல் இயேசு சபையினருக்குரிய நிலமொன்றிற் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞரான போல் ஹோகனும் இணைந்து வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவை உருவாக்கினர். போர் ஓயாத காலம் அது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்தில் அங்கு அழைத்துவரப்பட்டனர். வாரத்தில் ஒரு நாள், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அவர்கள் வந்துசென்றனர். அங்கு மரங்களும் விலங்குகளும் களிமண்ணும் வண்ணங்களும் கதைகளும் இருந்தன. பிள்ளைகளோடு கூடியிருந்தோர் பெரும்பாலும் அதே மண்ணின் இளைஞர். போரைத் தாமும் கண்டவர்கள். என்ன நடந்தது என்னும் கேள்வியோடு அங்கு எவரும் பிள்ளையை எதிர்கொள்ளவில்லை. பிள்ளை களிமண்ணில் ஓர் உருவத்தைச் செய்து அதற்குக் கதை சொல்லலாம். சொல்லாமல் மீண்டும் பிசைந்தும் விடலாம்.

இம்முறை தமிழ் மரபுக்குப் புதியதன்று. அகத்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டுதலாகாது என்பது விதி. சொல்லக் கருதியதை வெளிப்படச் சொல்லாது கருப்பொருளின்மேல் ஏற்றிச் சொல்லும் உள்ளுறை, அவ்விலக்கியத்தின் உயிர். மிக ஆழ்ந்தவை நேர்நின்று சொல்லப்படுவதில்லை என்பதைப் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். மட்டக்களப்பின் கூத்துக் களரியும் இவ்வுண்மையைக் காத்து வந்துள்ளது. அண்ணாவியாரிடம் மாதக்கணக்கிற் பழகிய இளைஞன், அபிமன்னன் வீழ்ந்த காட்சியில் அருச்சுனனாக நின்று புலம்பும்போது, அவன் தன் தமையனுக்காகவும் அழக்கூடும். அதனை எவரும் கேட்பதில்லை. அவனும் சொல்ல வேண்டியதில்லை. வேடம் அவனுக்கு மறைப்பாகவும் வாயாகவும் அமைகின்றது. அம்மன் கோவில்களில் தெய்வமாடுவோர் காணாமற் போனவரைப் பற்றி வாக்குச் சொன்னதையும், பகிரங்கமாகப் பேச முடியாத காலத்தில் அது துயருற்றோருக்கு ஓர் இடமாயிருந்ததையும் மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் 1990 களிற் செய்த ஆய்விற் பதிந்துள்ளார்.

இவற்றிலிருந்து பாதுகாப்பான இடம் என்பதன் இலக்கணத்தை ஒருவாறு வகுக்கலாம். பேசாதிருக்கும் உரிமை அங்கு மெய்யாகவே இருத்தல் வேண்டும். மறுக்க முடியாத இடத்திற் கூறப்படும் சொல் வாக்குமூலமேயன்றி வெளிப்பாடு ஆகாது. கேட்போர் கேட்டதைக் காக்கக் கடமைப்பட்டோராதல் வேண்டும். சிறிய ஊரில் ஒரு சொல் அன்று மாலைக்குள் பாலத்தைக் கடந்துவிடும். எனினும் பிள்ளைக்கு உயிராபத்தோ பிறரால் தீங்கோ உண்டென அறியின், அவனுக்குச் சொல்லியே தக்கோரிடம் அறிவித்தல் வேண்டும். கேட்போர் தொடர்ந்து இருத்தலும் வேண்டும். திறந்த புண்ணை விட்டுச் செல்லும் மருத்துவன், புண்ணைத் தீண்டாதவனிலும் தீயவன். இறுதியாக, மாற்றாரின் துயரமும் அங்கு நுழைதல் வேண்டும். காத்தான்குடிப் பிள்ளையும் வந்தாறுமூலைப் பிள்ளையும் தத்தம் ஊரில் மட்டும் அழுதால், ஒவ்வொருவரின் கண்ணீரும் மற்றவர்மீது பகையாக உறையக்கூடும். ஒரே மரநிழலில் விளையாடியோர் ஒருவர் இழவை மற்றவர் மறுப்பது அரிது.

இவ்விடத்து வலிமையான மறுப்பொன்று எழுகின்றது. இழைக்கப்பட்டது அநீதி, அதற்கு வேண்டியது நீதி. அவ்வாறிருக்க, பிள்ளைக்கு வண்ணக்கோல் கொடுத்து ஆற்றுவது அநீதியை மறக்கச் செய்வதாகாதா? இம்மறுப்பைப் புறந்தள்ளலாகாது. மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் கோவில்களில் வைகாசித் திங்களில் நிகழும் சடங்கே இதற்கு விடை தருகின்றது. அங்கு கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. முடிவிற் குளிர்த்தி நிகழ்கின்றது. கணவனை இழந்தவளின் வழக்கு முதலில் முழுமையாகக் கேட்கப்படுகின்றது. அதன் பின்னரே அவள் சினம் குளிர்விக்கப்படுகின்றது. வழக்கைக் கேளாது குளிர்விக்க முனைவது ஏமாற்று. ஆனால் வழக்கு முடியட்டும் எனக் கூறிக் குளிர்விக்காதிருப்பதும் கொடுமையே. காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்துக்குரிய சட்டம் 2016 இல் நிறைவேறி, அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. 1990 இல் பத்து வயதாயிருந்த பிள்ளை அப்போது முப்பத்தெட்டு வயதை எட்டியிருந்தது. நீதி அத்தனை காலம் தாழ்க்கலாம். குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை. எனவே இவை ஒன்றுக்கொன்று மாற்றான கடமைகள் அல்ல. வழக்கைக் கேட்பது அரசின் கடன். குளிர்விப்பது அயலாரின் கடன். ஒருவர் தம் கடனைச் செய்யாமை மற்றவரை அவர் கடனினின்றும் விடுவிக்காது.

ஆதலின் பேசவைப்பதா, பேசாது விடுவதா என்னும் வினா பிழையான இடத்திலிருந்து தொடங்குகின்றது எனலாம். அது கடமை முழுவதையும் பிள்ளையின் நாவின்மீது ஏற்றுகின்றது. கடமை செவிக்குரியது. பேசுவதும் பேசாதிருப்பதும் இளையோரின் உரிமை. அவர்கள் பேசத் துணியும் நாளிற் கேட்பதற்கு ஆளிருத்தல் சமுதாயத்தின் கடமை. அந்நாள் எந்நாளென எவரும் முன்கூட்டி அறியார். ஆகவே பாடசாலையில் ஓர் ஆசிரியரும், கோவில் வீதியிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ தேவாலய வளவிலோ ஒரு மூத்தவரும், கூத்துக் களரியில் ஓர் அண்ணாவியாரும் அவசரமின்றி, கைவிடாது இருந்துகொண்டிருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞருக்கும் இது பொருந்தும். அடுத்த அறையில் வாழும் நண்பன் ஆண்டுதோறும் செப்டெம்பரில் ஏன் வாய்மூடியிருக்கின்றான் என்பதைத் துருவி அறிய வேண்டியதில்லை. அந்நாள்களில் அவனைத் தனியே உண்ண விடாதிருந்தாற் போதும்.